வண்டலூர் ஹெரால்டும் அதன் பின்சக்கரமும்

1960களில் இந்தியாவில் புதுக் கார் வாங்க நினைத்தவர் முன்னால் இருந்தவை மூன்றே மூன்று பெயர்கள்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடர். பம்பாய் குர்லாவிலிருந்து வந்த ஃபியட். நம்ம மதராஸ் வண்டலூரிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மூன்றில் சின்னது ஹெரால்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அது மற்ற இரண்டையும் விட நவீனமானது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் கட்டிப்போட்டவை. ஹெரால்டில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். அதாவது நான்கு சக்கரத்துக்கும் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன். இன்றைக்கும் பல கார் கம்பெனிகள் விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிற விஷயம் இது. 1961லேயே வண்டலூரில் வந்துவிட்டது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏறக்குறைய பத்து வருடம் கழித்து, அதே தொழிற்சாலை தன் அடுத்த காரில் இந்த நவீன ஏற்பாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய ஒற்றை அச்சுக்குத் திரும்பியது. அதே காலத்தில் இங்கிலாந்தில் அதே பின்சக்கரத்தைப் பந்தயக்காரர்களும் தாய்க் கம்பெனியும் சேர்ந்து வேறு வழியில் திருத்திக் கொண்டிருந்தார்கள்.

ஒரே நோய். இரண்டு ஊரில் இரண்டு வைத்தியம். எது முன்னேற்றம், எது பின்னடைவு? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பின்சக்கரத்தின் தலைவிதி

மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரம், நடுவில் ஒரு அச்சு, மேலே பாரம். ஸ்பிரிங் கிடையாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வண்டியோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பவரும் இறங்குவார். பிறகு குதிரை வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை வந்தது. வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய அதே பட்டைதான் இன்றும் நம் ஊர் லாரிகளுக்குக் கீழே இருக்கிறது.

அம்பாசடரின் பின்பக்கமும் இதே குடும்பம்தான். ஒரு நீளமான இரும்புக் குழாய், நடுவில் டிஃபரன்ஷியல், இரண்டு முனையிலும் சக்கரம், இரண்டு பக்கமும் பட்டை. இதை லைவ் ஆக்ஸில் என்பார்கள். சக்கரத்தைத் தாங்குவதும் இதுவே, எஞ்சினின் விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதுவே.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால், சமமான சாலையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அவை நேராகவே நிற்கும். டயரின் முழு அகலமும் தரையில் பதியும். உடைந்தால் எந்தப் பட்டறையிலும் சரி செய்யலாம்.

குறையும் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறு சக்கரமும் சாயும். அச்சும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து நல்ல கனம். அந்தக் கனம் முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். மோசமான சாலையில் பின்னால் உட்கார்ந்தவரின் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

கோவென்ட்ரியில் போட்ட கணக்கு

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் அறிமுகமானது. அங்கே அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குள் டிரையம்ஃப் 1940களின் நடுவிலேயே அடக்கம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் மெல்ல மறைந்து டிரையம்ஃப் நிலைத்தது. இந்தியாவில் நேர்மாறாக ஸ்டாண்டர்டு என்ற பெயரே நிலைத்தது. வண்டலூர் தொழிற்சாலையை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் தொடங்கப்பட்ட கம்பெனி. ஹெரால்டுக்கு முன்பே அங்கே வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென் போன்ற கார்கள் தயாராகியிருந்தன.

ஹெரால்டின் உடலை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. எஞ்சினியரிங் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டர். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டான உடலை போல்ட் போட்டு முடுக்கிய கார். காரணம் ரசனை அல்ல, வியாபாரம். கார் உடல் அச்சடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. எனவே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து வாங்கி இணைக்கும்படி காரை வடிவமைத்தார்கள். அதுவே பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டுவதற்கும் வசதியானது. வண்டலூருக்கு ஹெரால்டு பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பக்கம் அருமையான வேலை. சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஸ்பிரிங், லேசான ஸ்டீயரிங். சுமார் 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பும். பாரிமுனைச் சந்துகளில் இதன் அருமை தெரியும்!

பின்பக்கத்தில்தான் செலவைப் பார்த்தார்கள். டிஃபரன்ஷியலைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டார்கள். அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு அரை அச்சுகள் சக்கரத்துக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் டிஃபரன்ஷியல் ஓரத்தில் உள்ள ஒரே மூட்டில் மட்டும் மடங்கும். பறவை இறக்கையை அசைப்பது போல. மேலே குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியல் தலையில், இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களில். ஸ்பிரிங் வேலையையும் சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் வேலையையும் அந்த ஒரே பட்டை செய்துவிடும். மூட்டுகள் குறைவு, உதிரிப்பாகம் குறைவு, விலை குறைவு. இதற்குப் பெயர் ஸ்விங் ஆக்ஸில்.

குடை மடங்கும் கதை

இதில் என்ன தப்பு? நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. வளைவில்தான் வினை.

கார் வேகமாக இடது பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் வலப்பக்கம் தள்ளப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது வலப்பக்கப் பின்டயர். அந்த டயரைத் தரை உள்பக்கமாகத் தள்ளுகிறது. ஆனால் அச்சின் மூட்டு இருப்பது தரையில் அல்ல, அதைவிட மேலே, டிஃபரன்ஷியல் பக்கத்தில். தரையில் உள்ளே தள்ளினால், மேலே மூட்டில் மடங்கும் சக்கரம் காருக்கு அடியில் நுழையப் பார்க்கும். காரின் பின்பகுதி மேலே தூக்கப்படும். தூக்கத் தூக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கும். கடைசியில் டயர் தன் விளிம்பில் நிற்கும். பிடிமானம் சட்டென்று போய்விடும். காற்றில் குடை மடங்குவது போலத்தான். மெதுவாக ஆரம்பித்து, ஒரு கட்டத்துக்குமேல் ஒரே நொடியில்.

இதில் கொடுமை என்னவென்றால், பயத்தில் ஓட்டுநர் இயல்பாகச் செய்கிற காரியமே நிலைமையைக் கெடுக்கும். வளைவின் நடுவில் ‘ஐயோ, வேகம் அதிகம்’ என்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். உடனே பாரம் முன்னால் சாயும். பின்பகுதி இன்னும் உயரும். சக்கரம் இன்னும் மடங்கும். கார் சுழன்றுவிடும். இந்த வகைக் கார்களுக்கான பாடம் ஒன்றுதான். வேகத்தை வளைவுக்கு முன்பே குறை, உள்ளே போனபின் காலை எடுக்காதே.

ஹெரால்டு மட்டும் செய்த பாவம் அல்ல இது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷே 356 எல்லாம் ஸ்விங் ஆக்ஸில்தான். அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் இதே வகையில் வந்து பெரிய விவகாரமே ஆனது. ரால்ஃப் நாடர் 1965ல் எழுதிய கார் பாதுகாப்புப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியது. நாடரின் புத்தகம் வருவதற்குள் கம்பெனி 1964 மாடலில் கூடுதலாக ஒரு குறுக்குப் பட்டை சேர்த்து, 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டிருந்தது. 1972ல் அமெரிக்க அரசின் ஆய்வு, பழைய கார்வேர் அதன் காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்று சொன்னது. அதற்குள் கார்வேரின் தயாரிப்பே நின்றுபோயிருந்தது.

பந்தயக்காரர்களின் வைத்தியம்

ஹெரால்டின் அதே சட்ட வடிவத்திலிருந்து பிறந்த தம்பிகள் பலர். ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜி.டி.6. இவற்றை ஓட்டியவர்களில் பந்தயப் பிரியர்கள் நிறைய. இங்கே ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். திறந்த மைதானத்தில் தற்காலிகமாக ஒரு நெளிவுப் பாதை போட்டு, ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று பார்ப்பது. நேரான ஓட்டம் குறைவு. இடது, வலது, இடது, வலது என்று சட்சட்டென்று திருப்ப வேண்டும். ஸ்விங் ஆக்ஸிலுக்கு இதைவிட மோசமான பரீட்சை கிடையாது. ஒரு பக்கம் தூக்கி இறங்குவதற்குள் மறு பக்கம் தூக்க ஆரம்பித்துவிடும்.

அவர்கள் கண்ட வைத்தியங்கள் எளிமையானவை. முதலாவது, பட்டையின் வளைவைக் குறைத்துக் காரின் பின்பக்கத்தைத் தாழ்த்துவது. தாழ்ந்தால் சக்கரங்களின் மேல்பகுதி கொஞ்சம் உள்ளே சாய்ந்து, அடிப்பகுதி அகன்று நிற்கும். மல்யுத்தக்காரர் காலை அகற்றி நிற்பது போல. வளைவில் சக்கரம் மடங்கத் தொடங்கினாலும் முதலில் நேராக நிற்கும் நிலைக்கு வந்து, பிறகுதான் ஆபத்தான பக்கத்துக்குப் போகும்.

இரண்டாவது, இறுக்கமான ஷாக் அப்சார்பர். பின்பகுதி மேலே எழும் வேகம் குறையும். மூன்றாவது, அரை அச்சுகளுக்குக் கீழே இன்னொரு குறுக்குப் பட்டையைக் கட்டி இரண்டு சக்கரமும் ஒரேயடியாகக் கீழே தொங்காதபடி பிடித்துக்கொள்வது. நான்காவது, முன்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார் போடுவது. பின்சக்கரத்துக்கு மருந்து முன்சக்கரத்தில்! வளைவில் கார் சாய்வதை முன்பக்கம் கூடுதலாகத் தாங்கிக்கொண்டால் பின்பக்கத்தின் சுமை குறையும்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1968ல் ஜி.டி.6 காரின் இரண்டாம் மாடலுக்கும் விட்டெஸ் காரின் இரண்டாம் மாடலுக்கும் பின்சக்கரத்தின் கீழே ஒரு புதிய கை சேர்த்து, அரை அச்சில் பெரிய ரப்பர் வளைய மூட்டு ஒன்றையும் போட்டது. இனிச் சக்கரம் எங்கே சாய வேண்டும் என்பதை அச்சு தீர்மானிக்காது, மேலே பட்டையும் கீழே கையும் சேர்ந்து தீர்மானிக்கும். நல்ல தீர்வு. ஆனால் விலை அதிகம், ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றுவது தலைவலி.

1970ல் ஸ்பிட்ஃபயரின் நான்காம் மாடலுக்கு வந்தது இன்னும் சுவாரஸ்யமான தந்திரம். குறுக்குப் பட்டையின் எல்லாத் தகடுகளையும் டிஃபரன்ஷியல் தலையில் இறுக்காமல், ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் ஊஞ்சல் போல ஆடவிட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறினால் பட்டை முன்போலவே தாங்கும். ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கினால் பட்டை சும்மா ஆடிக்கொடுக்கும். அதாவது காரின் சாய்வைப் பின்பக்கம் எதிர்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த வேலையை முன்பக்கத்துத் தடித்த ஆன்டி ரோல் பாரிடம் கொடுத்துவிட்டார்கள். பின்பக்கத்தைக் கடினமாக்கியல்ல, இளக்கித்தான் நோயைத் தீர்த்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1973ல் அந்த விலை உயர்ந்த ஜி.டி.6 காருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு இந்த ஊஞ்சல் பட்டையையே போட்டுவிட்டார்கள். செலவு குறைவு, போதுமான பலன். கோவென்ட்ரியிலேயே ‘முன்னேற்றம்’ ஒரு படி இறங்கி வந்தது!

அசல் ஹெரால்டுக்கு மட்டும் இந்த யோகம் எதுவும் வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் அதன் தயாரிப்பு 1971ல் நின்றது, பழைய ஸ்விங் ஆக்ஸிலோடேயே.

சோழவரத்தின் ஓடுபாதை

இப்போது மதராசுக்குத் திரும்புவோம். நகருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையைப் பந்தயக் களமாக்கியது. இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் 1990ல் வரும்வரை தென்னாட்டின் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே வெளிநாட்டுப் பந்தயக் கார்களும் ஓடியிருக்கின்றன. ஆனால் கூட்டத்துக்கு நெருக்கமானவை வீட்டு வாசலில் நிற்கிற அதே அம்பாசடரும் ஃபியட்டும் ஹெரால்டும்தான்.

ஓடுபாதைப் பந்தயம் என்றால் நீளமான நேர் ஓட்டம், முடிவில் திடீர் வளைவு. முழு வேகத்தில் வந்து பிரேக் அடித்துத் திரும்ப வேண்டும். பிரேக் அடித்தால் பின்பகுதி உயரும் என்று மேலே பார்த்தோம். ஹெரால்டு ஓட்டுநருக்கு ஒவ்வொரு சுற்றிலும் சோதனை.

இங்கிலாந்துக்காரர் கடையில் போய் வாங்கிய திருத்தச் சாமான்கள் இங்கே கிடைக்காது. இறக்குமதி உரிமம் இல்லாமல் ஒன்றும் நகராத காலம் அது. ஆனால் ஒன்று மட்டும் நம் ஊரில் தாராளம். பட்டை அடிக்கும் பட்டறை. லாரி ஓடுகிற எந்த ஊரிலும் உலையில் தகட்டைக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி, வளைவைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்த ஆள் உண்டு. பின்பக்கத்தைத் தாழ்த்துவது என்ற முதல் வைத்தியத்துக்கு அதுவே போதும். மீதியெல்லாம் ஓட்டுபவரின் வலது காலில் இருந்தது.

செஞ்சி சாலையில் ஹெரால்டு

பந்தயம் வருடத்தில் சில நாள்தான். ஹெரால்டு வாங்கியவர்களில் பெரும்பாலானவர் டாக்டர்கள், வக்கீல்கள், நடுத்தர வியாபாரிகள். அவர்களுடைய ‘டிராக்’ வேறு.

வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கினால் செங்கல்பட்டு, திண்டிவனம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சுமார் 28 கிலோமீட்டரில் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் கோட்டை மதிலால் வளைத்துக் கட்டிய ஊர். 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் வழி இதுதான். செஞ்சிக்குத் தெற்கே பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் இருக்கின்றன.

இந்தப் பாதையில் 1960களின் ஒரு ஹெரால்டைக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு பேருக்காகச் செய்த காரில் ஆறு பேர். டிக்கியில் பொங்கல் வைக்கப் பானை, அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம். பின்பகுதி தரையைப் பார்த்து இறங்கும். ஸ்விங் ஆக்ஸிலில் கார் இறங்கினால் சக்கரங்களின் அடிப்பகுதி அகலும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். பந்தயக்காரர் அளவோடு கேட்ட அதே சாய்வு, குடும்பஸ்தருக்கு அளவில்லாமல் கிடைத்தது, மாதாமாதம் டயர் செலவாக. கோயிலில் எல்லோரையும் இறக்கிவிட்டு ஓட்டுநர் தனியாகத் திரும்பினாலோ, பின்பகுதி எழும்பிச் சக்கரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். வளைவில் ஆபத்தான நிலை அதுதான்.

ஒற்றைத் தார்ச்சாலையில் எதிரே பஸ் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். இங்கே ஹெரால்டு அம்பாசடரைவிடக் கெட்டிக்காரி. இறங்கிய சக்கரம் மட்டும் இறங்கும், மறு சக்கரம் பேசாமல் தார்மேல் போகும். ஆனால் தார்ச்சாலை முடிந்து ஊருக்குள் போகும் வண்டித்தடம் வந்தால் கணக்கு மாறும். மாட்டு வண்டிச் சக்கரம் உழுத இரண்டு பள்ளம், நடுவில் புல் முளைத்த மேடு. அம்பாசடரின் டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு கட்டியது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தரையிலிருந்து அதன் உயரம் மாறாது. ஹெரால்டின் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு கட்டியது. ஆறு பேர் ஏறினால் அதுவும் சேர்ந்து இறங்கும். நடு மேட்டில் உரசும்.

ரிப்பேர் விஷயமும் உண்டு. அம்பாசடர் பின்பக்கம் தெரிந்த மெக்கானிக் திண்டிவனத்திலும் உண்டு, செஞ்சியிலும் உண்டு. ஏனென்றால் லாரி, வேன், ஜீப் எல்லாம் அதே வடிவம். ஹெரால்டின் பின்பக்கம் அவருக்குப் புதிது. தேய்ந்த சக்கர பேரிங்கைக் கழற்றவே தனிக் கருவி வேண்டும். குறுக்குப் பட்டையை இறக்கி ஏற்றுவதும் எல்லோருக்கும் கைவந்த வேலை அல்ல.

கேஸல்: திரும்பி வந்த அச்சு

வண்டலூர் கம்பெனி ஹெரால்டை நம் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டே வந்தது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் வராத நான்கு கதவு ஹெரால்டு இங்கே வந்தது. பின்சீட்டில் ஆள் ஏற வசதி. அதாவது பின்சக்கரத்துக்கு இன்னும் பாரம்!

1972ல் அடுத்த கார் வந்தது. பெயர் கேஸல். எஞ்சின் அதே 948 சி.சி. தோற்றத்தில் சில மாற்றம். கீழே குனிந்து பார்த்தால் பெரிய மாற்றம். ஸ்விங் ஆக்ஸில் இல்லை, லைவ் ஆக்ஸில்! இந்திய வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குக்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

கோவென்ட்ரியில் 1968லும் 1970லும் செய்த திருத்தங்கள் வண்டலூருக்கு வரவில்லை. ரப்பர் வளைய மூட்டு செஞ்சி மெக்கானிக்குக்கு உதவாது. ஊஞ்சல் பட்டை வளைவில் காரைக் காப்பாற்றும், ஆனால் ஆறு பேர் ஏறினால் டிஃபரன்ஷியல் இறங்குவதையும் டயர் உள்விளிம்பு தேய்வதையும் அது தடுக்காது. லைவ் ஆக்ஸில் மூன்றையும் ஒரே அடியில் தீர்த்தது. சக்கரம் மடங்காது, டயர் சாயாது, டிஃபரன்ஷியல் இறங்காது. நான்காவதாக, எந்த ஊரிலும் ரிப்பேர் நடக்கும். அதற்குக் கொடுத்த விலை, பின்சீட்டில் கொஞ்சம் கூடுதல் குலுக்கல்.

புத்தகப்படி இது பின்னடைவு. ஒரு கார் இதழ்காரர் மதிப்பெண் போட்டால் கேஸலுக்குக் குறைத்துத்தான் போடுவார். ஆனால் மழை நாளில் தனியாக வீடு திரும்பும் ஒரு டாக்டருக்கு, வளைவில் பயந்து காலை எடுத்தாலும் சுழலாத கார் கிடைத்தது. அதைப் பின்னடைவு என்று சொல்ல மனசு வரவில்லை.

ஆனாலும் கேஸல் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. 1970களின் இறுதியில் வண்டலூரில் கார் தயாரிப்பு நின்றது. பிறகு 1985ல் ரோவர் காரின் உடலோடு ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அதுவும் 1988ல் முடிந்துபோனது. அதற்குள் மாருதி 800 வந்து ஆட்டத்தையே மாற்றியிருந்தது. மாருதியில் எஞ்சின் விசை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் சும்மா உருண்டால் போதும், அரை அச்சு, மூட்டு என்ற தொல்லையே இல்லை. அதே மாருதி எஞ்சினை 1980களின் இறுதியில் கோயம்புத்தூர் கரிவர்தன் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரத்தைச் சுழல வைத்தார். அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகியவர்தான் 2005ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995ல் விமான விபத்தில் இறந்ததால் அதைப் பார்க்கவில்லை.

எந்தச் சாலைக்கு?

ஹெரால்டின் கதையில் ஒரு விஷயம் தெளிவு. சஸ்பென்ஷனை ‘மேம்படுத்துவது’ என்பது மாடிப்படி ஏறுவது போல ஒரே திசையில் போவதல்ல. ஆட்டோகிராஸ்காரர் பட்டையைத் தாழ்த்தினார், அவருக்கு அது மேம்பாடு. அதே தாழ்வு பனமலை வண்டித்தடத்தில் டிஃபரன்ஷியலை உடைக்கும். கோவென்ட்ரி மூட்டுகளைக் கூட்டியது, பிறகு செலவு பார்த்துக் குறைத்தது. வண்டலூர் மூட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. மூன்று பேரும் அவரவர் சாலைக்குச் சரியாகவே செய்தார்கள்.

இன்றைக்கு நம் பசங்க பலர் காரையும் பைக்கையும் ‘மாடிஃபை’ செய்கிறார்கள். தாழ்த்துவது, கடினமாக்குவது, வெளிநாட்டு வீடியோவில் பார்த்ததைப் பூட்டுவது. செய்யட்டும். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. இந்த வண்டி எந்தச் சாலையில், எத்தனை பேரோடு, யார் ஓட்டப் போகிற வண்டி? டிராக்கில் கால் எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்காகச் செய்த மாற்றத்தோடு, அது தெரியாத அப்பாவோ தம்பியோ மறுநாள் அதே வண்டியை ஊருக்கு ஓட்டிப் போவார்கள். ஸ்விங் ஆக்ஸில் காலத்தில் கார்கள் சுழன்றது பந்தயத்தில் மட்டும் அல்ல.

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ ஹெரால்டு ஓட்டியவராக இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், வளைவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று. பெரும்பாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். கதை அப்புறம்தான் வரும்.